இரண்டாவது கை

எதையும் முழுசாக முடித்த பெருமை எனக்குக் கிடையாது. பாதி பின்னிய கூடை, கால்வாசி தைத்த தலையணை உறை எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் கிடக்கும். அவற்றில் ஒன்றுதான் அந்தக் குழந்தைச் சட்டை. யுத்த காலம், துணிக்கு அலைய வேண்டும். கிடைத்த மல் துணியைத் தலைப்பிள்ளைக்கென்று வெட்டிவிட்டேன். பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்பார்கள். ஒரு கை வைத்துத் தைத்தபோதே மாமியார் பார்த்துவிட்டார்.

"அடிப்பாவி! வயித்துல இருக்கையிலயே சட்டை தைக்கிறியே, வெளங்குமா?"

எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அப்படியே பெட்டியில் போட்டுவிட்டேன்.

மார்கழியில் பிறந்தான், அழவில்லை. பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றி, என் கணவர்தான் வைகைக் கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். நான் தைத்த அந்த ஒரு கைதான் அவனைக் கொன்றது என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த புரட்டாசியில் எனக்கு மறுபடி ஐந்து மாதம். ஊசி எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். சட்டைக்கு இரண்டு கை இருந்தது.

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அது என் தையலில்லை. மாமியாருக்கோ கை நடுக்கம், ஊசி பிடிக்கவே முடியாது. வேறு பெண்பிள்ளை வீட்டில் கிடையாது. நாலு நாள் கழித்துப் பார்த்தால், கழுத்து ஓரமும் மடித்துத் தைத்திருந்தது. வயிற்றைப் பொத்திக்கொண்டேன். இந்தச் சனியன் பிடித்த சட்டை முடிந்தால் இந்தப் பிள்ளையும் போய்விடும் என்றே தோன்றியது.

மறுநாள் மத்தியானம், அடுப்பில் போட்டுவிடுவது என்று உள்ளே போனேன். வேலை பார்க்கும் சிம்மக்கல் மொத்தக் கடையிலிருந்து வைகையைத் தாண்டிச் சாப்பிட வந்த கணவர் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். கடையில் மூட்டை வாய் தைக்கிற அதே சாய்வுத் தையலில், பொத்தான் பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்ன கிறுக்கா? இந்தப் புள்ளையையும் கொல்லப் பாக்குறீகளா?"

அவர் ஊசியை விடவில்லை. "இது வரப்போறதுக்கு இல்ல, புள்ள. போனவனுக்கு. ஆத்தைத் தாண்டையில கூடவே வாரான். குளுருதுங்கிறான்."

"எம்புட்டு நாளா?"

"பொதைச்ச அன்னைக்கிருந்தே."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. சுமந்தவள் நான். என்னிடம் ஏன் வரவில்லை?

சட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"இப்படித் தைச்சா கழுத்துல உறுத்தாதா அவனுக்கு?" என்று சொல்லிவிட்டு, தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன்.