வேட்டிக்குப் பின்னால் அக்கா

எழுபதுகளில் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கொடிகாமம் சந்தை, நல்லூர்த் தேர், வடகரையில் வள்ளம் தள்ளுகிறவர்கள் என்று நாளுக்கொரு விஷயம். அடையாள அட்டை வந்தபோது ஊர் ஊராகப் போய் முகப்படமும் எடுத்தேன். முதலில் அதை ஒரு வேலையாகவே மதிக்கவில்லை. அசையாமல் இருக்கும் முகத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். உரும்பிராய்த் தோட்டக்காரர்களின் முகங்களைப் பார்த்துப் பழகிய பிறகு, சந்தையிலும் கூட்டத்தை விட்டுவிட்டு ஒரு முகத்தைத் தேட ஆரம்பித்தேன். பத்திரிகை ஆசிரியர் அந்தப் படங்களைப் பெரிதாகப் போட்டார்.

முகப்படத்துக்குப் பின்னணி வேண்டும். கதிரையில் இருப்பவருக்குப் பின்னால் நின்று, வெள்ளை வேட்டியொன்றை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடிப்பாள் அக்கா. அவள் கலியாணம் செய்யவில்லை, என்னோடுதான் இருந்தாள்.

"அக்கா, விரல் தெரியுது."

"தெரிஞ்சால் வெட்டு. உன்னட்டைக் கத்தரிக்கோல் இல்லையே?"

ஓரத்தை வெட்டித்தான் கொடுப்பேன். ஒருநாள் அவளையும் கதிரையில் இருக்கச் சொன்னேன்.

"எனக்கேன் அட்டை? கொழும்புக்கே போகப்போறன்? பிலிமை வீணாக்காதை."

ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் இறந்துவிட்டாள். செத்தவீட்டில் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுப்பது எங்கள் வழக்கம். வந்த படக்காரரை நான் திருப்பி அனுப்பினேன். கண் மூடிய முகம் வேண்டாம், என்னிடம் நல்ல படம் இருக்கும் என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவள் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும். முதல் பக்கத்தில் இறந்தவரின் படம் வரும். வைத்திருந்த நெகட்டிவ்கள் எல்லாவற்றையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் இருந்தன. முழங்கை, சேலைக் கரை. ஒன்றில் மட்டும் வேட்டி தாழ்ந்து, ஒரு கிழவரின் தோளுக்கு மேலே அவளுடைய நெற்றியும் கண்களும்.

அச்சகக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன அண்ணை, பாதி முகம்? மிச்சம் எங்கை?"

"மிச்சம் இல்லை."

அந்தியேட்டி அன்று சின்னம்மா புத்தகத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"கண் அவளின்ரைதான். வாயைத்தான் காணேல்லை. அந்த வாய்க்குத்தானே நாங்கள் எல்லாரும் பயந்தது."

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

படத்தில் அவள் என்னைத்தான் பார்க்கிறாள். ஏன் பார்த்தாள் என்று நினைவில்லை. அதற்கு அடுத்த நெகட்டிவில் வேட்டி நேராக நிற்கிறது. உயர்த்திப் பிடிக்கச் சொல்லியிருப்பேன்.