ஆரோ ஒட்டிய குடைக்காசு

போப்பாண்டவர் காசு சேர்க்கிறேன் என்று திருப்பூரில் யாரிடமும் சொல்ல முடியாது. "தங்கமுங்களா?" என்பார்கள். தங்கம் இல்லை, வெள்ளியும் இல்லை. போப்பே ராஜாவாக நாடு ஆண்ட காலத்தில், நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முன்னால், ரோமாபுரிச் சந்தையில் ரொட்டிக்கும் கீரைக்கும் கொடுத்த செப்புச் சில்லறை. குவாத்ரினோ என்று பெயர். பெரிய காசைப் பணக்காரன் பூட்டி வைத்தான், அது பளபளவென்று இருக்கிறது. சில்லறை கைமாறிக் கைமாறித் தேய்ந்துவிட்டது. தேய்ந்ததில் எழுத்தைத் தேடிப் படிப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

வீரபாண்டியில் சாயப்பட்டறை வைத்திருக்கும் என் மச்சானுக்கு இது புரிந்ததே இல்லை. "ஏனுங்க மாப்ள, செல்லாத காசு நம்மூர்ல கெடைக்காதுன்னுங்களா இத்தாலில இருந்து வரவழைக்கறீங்க?" என்பார்.

போன வருடம் அப்படி வரவழைத்த ஒரு காசில் இரண்டு சாவியும் அவற்றுக்கு மேல் ஒரு குடையும் இருந்தன. உடனே லென்ஸை எடுத்தேன். ஒரு போப் இறந்து அடுத்தவர் வரும்வரை நாற்காலி காலி. அந்தச் சில வாரங்களில் அடித்த காசில் போப் பெயர் இருக்காது, குடைதான் இருக்கும். எந்தப் போப் இறந்தபோது அடித்தது என்பதை வருடத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். வருடத்தில் முதல் இரண்டு எண் தெரிந்தது. மற்ற இரண்டும் கறுப்புக்குள் கிடந்தன.

அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. உள்ளே செம்பு அரித்துப் போயிருக்கும், எழுத்தின் உருவம் அந்தக் கறுப்புத் தோலில்தான் மிச்சம். உரித்தால் எழுத்தும் போய்விடும். எண்ணெயில் ஊறப்போட்டு, வேலமுள்ளால் மண்ணை மட்டும் துளித்துளியாக எடுத்துக்கொண்டு வந்தேன். மாதக்கணக்கில் அதே வேலை.

வேலம்பாளையத்தில் என் பனியன் கம்பெனியில் நல்ல வெளிச்சம், தைத்த துணியில் கறை, கிழிசல் பார்க்கும் செக்கிங் டேபிளில்தான் உண்டு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அங்கே லென்ஸோடு உட்கார்ந்தேன். மூன்றாவது எண்ணின் வளைவு லேசாகத் தெரிந்தது. கண்ணை எடுத்தால் இடம் தப்பிவிடும். டேபிளில் கிடந்த சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரில், நாங்கள் ஆரோ என்போம், ஒன்றை உரித்து, முனை அந்த எண்ணைக் காட்டும்படி ஒட்டினேன். அதற்குள் தையல் பக்கம் ஊசி உடைந்து ஒரு துண்டைக் காணோம் என்று கூப்பிட்டார்கள். குழந்தைத் துணி. துண்டு கிடைக்காமல் ஒரு பீஸ் வெளியே போகக்கூடாது. காசை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது வெள்ளைத் துணியின் மேல் என் காசு ரோஸ் நிறத்தில் மின்னியது. பக்கத்தில் பிரஷோடு செக்கிங் அம்மா, திருநெல்வேலிக்காரி.

"பொல்லாத கறை சார். துரு மருந்து ரெண்டு சொட்டு விட்டுத் தேய்ச்ச பொறவுதான் போச்சு."

"ஆரும்மா உன்னைய அதைத் தொடச் சொன்னது?"

"நீங்கதான சார் ஆரோ ஒட்டியிருந்திய."

எங்கள் தொழிலில் ஆரோ இருந்தால் அங்கே கறை இருக்கிறது என்று அர்த்தம். யாரையும் கேட்காமல் எடுக்க வேண்டும். கேட்டுக்கொண்டு நின்றால் நானே கத்துவேன்.

"அது போப்பாண்டவர் காசும்மா."

"திருத்தந்தை காசா?" அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "முன்னாடியே சொல்லப்பிடாதா சார்? சாவி படம் இருக்கவும், ஒங்க பைக் சாவியில தொங்குத வில்லைன்னுலா நெனச்சேன்."

லென்ஸில் பார்த்தேன். குடை இருந்தது, சாவி இருந்தது. வருடம் இருந்த இடம் சட்டைப் பட்டன் மாதிரி வழவழவென்று கிடந்தது. ஆரோ காட்டிய இடத்தைத்தான் அழுத்தித் தேய்த்திருக்கிறாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த எரிச்சல்தான் இன்னும் தீரவில்லை. திட்டக்கூட ஆள் இல்லை.

சாயங்காலம் வந்த மச்சான் காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இப்பத்தானுங்க மாப்ள காசு மாதிரி இருக்குது."

காசைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டேன். அது எந்தப் போப் செத்தபோது அடித்தது என்று இனி எனக்கும் தெரியாது, எவனுக்கும் தெரியாது. அவள் உரித்து டேபிள் ஓரத்தில் ஒட்டிய ஆரோ இன்னும் அங்கேயே இருக்கிறது. சுரண்டினாலும் வரமாட்டேன் என்கிறது சனியன்.