விமானப் படியின் கீழே ஒரு ஜோடிச் செருப்பு

மலாக்காவில், பத்து பெரெண்டாம் விமானத் திடலில், ஒரு சின்ன விமானத்தின் படிக்குக் கீழே, ஒரு ஜோடித் தோல் செருப்பு. தீபாவளிக்கு வாங்கியது. முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் புல் நனைந்திருந்தது. செருப்பு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, விமானத்தைப் பார்த்தபடி இருந்தன. வீட்டு வாசலில் விடுவது போல அவற்றை விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே ஏறியிருந்தார் என் அத்தை. என் மனைவியின் அம்மா. விமானப் பணிப்பெண் சிரித்தாள். இரண்டு பயணிகளும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உள்ளே கொடுக்கலாம் என்று குனிந்து செருப்பைக் கையில் எடுத்தேன். அத்தையைப் பற்றி நினைத்தால் எனக்கு முகம் முதலில் வருவதில்லை. கையில் அந்தச் செருப்பின் ஈரம்தான் வருகிறது.

நான் அதிகம் படித்தவன் இல்லை. பேசவும் தெரியாது. மலாயா சுதந்திரத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர் விமானப் படையில் சேர்ந்தேன். அப்போது கம்யூனிஸ்டுகளைத் தேடிக் காட்டுக்குள் போன பட்டாளத்துக்கு அரிசியும் மீன் டின்னும் மருந்தும் ஆகாயத்திலிருந்து போடுவார்கள். அதை ஏற்றுவது, கட்டுவது, பாரம் ஒரு பக்கம் சாயாமல் பார்ப்பது என் வேலை. அங்கே பேச்சு குறைவு. மேலே இருந்து ஒரு சொல் வரும். கீழே வேலை நடக்கும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது எனக்குப் பொருந்தியது. கார்ப்பரல் பட்டை இரண்டு வாங்கினேன். அந்தப் பட்டையோடு மலாக்காவில் காஜா பெராங்குக்குப் பெண் பார்க்கப் போனேன். அத்தை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சட்டையின் இஸ்திரி மடிப்பைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், காப்பி கொண்டுவரச் சொன்னார். பெண் கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த பிறகு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு பிரிவாகச் சுருக்கினார்கள். புதிய படைக்குப் போகலாம், அல்லது வெளியே போகலாம் என்றார்கள். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். நான் வெளியே வந்தேன். ஒரு விமானக் கம்பெனியில் ஆப்பரேஷன்ஸ் வேலை கிடைத்தது. மலாக்காவிலேயே இருக்கலாம். பெயர் பெரிய பெயர். வேலை எல்லாம் கலந்த வேலை. பயணிகளையும் பெட்டிகளையும் நிறுக்க வேண்டும், ரேடியோவில் மழை நிலவரம் கேட்க வேண்டும், விமானம் இறங்கும்போது கையில் இரண்டு மட்டை வைத்துக்கொண்டு எங்கே வந்து நிற்க வேண்டும் என்று காட்ட வேண்டும். அதற்கு முன் ஓடுபாதையில் ஆடு மேய்ந்தால் விரட்ட வேண்டும். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. முதல் நாள் அந்த உடுப்பில் வீட்டை விட்டுக் கிளம்பியபோது அத்தை முற்றத்தில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"உடுப்பப் பாத்துத்தான் பொண்ணக் குடுத்தேன்," என்றார் கோழியிடம். "இப்ப கிராணி மாரி வந்து நிக்கிறாரு."

கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. அதோடு என்னிடம் பேச்சு நின்றது. மாமா எப்போதோ இறந்துவிட்டார். அத்தை எங்களோடுதான் இருந்தார். ஒரே வீடு, ஒரே சமையல். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் வேறு யாரிடமோ சொல்லப்படும். மனைவி இருந்தால் மனைவியிடம். இல்லாவிட்டால் கோழி, கடிகாரம், பக்கத்து வீட்டுப் பூனை. "கம்பெனிக்காரருக்குச் சோறு ஆறுதுன்னு சொல்லு." "கம்பெனிக்காரரு குடையை மறந்துட்டுப் போறாரு." முன்பு 'மாப்பிள்ளே' என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அந்தச் சொல் வீட்டில் கேட்காமல் போனது. எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் நான் சொல்லவில்லை. பட்டாளத்தில் சொல்லிப் பழக்கமில்லை.

அத்தைக்கு ஒரு அக்கா. பினாங்குக்கு எதிர்க்கரையில், பிறை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார். இரண்டு பேரும் தாயில்லாமல் வளர்ந்தவர்கள். அக்காதான் இவருக்குச் சோறு ஊட்டியவர் என்று என் மனைவி சொல்வாள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு அந்த அக்காவும் புருஷனும் கப்பலேறி இந்தியாவுக்கு, ஊருக்கே திரும்பிப் போவது என்று முடிவு செய்தார்கள். பினாங்கிலிருந்து கப்பல். போனால் திரும்பி வரப் போவதில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும். அத்தை ரயிலில் போவதாக இருந்தார். நான்தான் குறுக்கே விழுந்தேன். கம்பெனி ஆட்களின் குடும்பம் விமானத்தில் சும்மா போகலாம் என்று ஒரு வசதி இருந்தது. கோலாலம்பூரில் இறங்கி ஏறினால் மத்தியானத்துக்குள் பினாங்கு. அத்தையின் மனம் இளகும் என்று நினைத்தேன். மனைவியிடம் சொன்னேன். அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

"எப்படிப் போறதாம்? கேளு."

"ஸ்டேன்பை," என்றேன்.

"ஸ்டேன்பைன்னா என்னவாம்?"

"தயாரா இருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னேன். பட்டாளத்தில் ஸ்டேன்பை என்றால் அதுதான். பூட்ஸ் மாட்டி, பையைக் கட்டி, தயாராக இருக்க வேண்டும். லாரி வரும். ஏற்றிக்கொண்டு போகும். லாரி வராமல் போனதே இல்லை. கம்பெனியில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். மற்றவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு இடம் மிஞ்சினால் உனக்கு. அதை நான் ஆபீசில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அத்தை பட்டுச் சேலை கட்டி, ஒரு பிஸ்கட் தகரத்தோடு வந்தார். உள்ளே முறுக்கும், பெலாச்சான் என்கிற இறால் கட்டியும். ஊரில் பெலாச்சான் கிடைக்காது, அக்கா கேட்டாளாம். பழைய நாளிதழில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அந்த இறால் வாடை அடங்கவில்லை. நிறுவைப் பலகையில் ஏறச் சொன்னதும் என்னைப் பார்க்காமல் சுமை ஏற்றும் மலாய்க்காரரைப் பார்த்து, "என்னய எதுக்கு நிறுக்கிறாரு? நான் என்ன ரப்பர் சீட்டா?" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. நன்றாகச் சிரித்தார். அன்று விமானம் நிறைந்துவிட்டது. அத்தை பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பினார். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மா. தமிழ் வம்சம்தான், ஆனால் பேச்செல்லாம் மலாய். வேலி ஓரம் நின்று, "பெலும் தெர்பாங் லாகி?" என்று கேட்டாராம். இன்னும் பறக்கலையா என்று. அத்தை தலை நிமிர்ந்து, "ஸ்டேன்பை!" என்றாராம்.

இரண்டாம் முறை அத்தை வெகுநேரம் முன்னதாகவே கிளம்பினார். அன்றும் இடமில்லை. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. மனைவி பிறகு சொல்லித்தான் தெரிந்தது. முதல் தடவை தான் போதுமான அளவு தயாராக இல்லை, அதனால்தான் ஏற்றவில்லை என்று அத்தை நினைத்திருக்கிறார். பட்டாளக்காரன் சொன்னால் அதில் ஒரு கணக்கு இருக்கும் என்று நம்பியிருக்கிறார். ரயிலில் போங்கள் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். "சின்னவ ஏரப்பிளேன்ல வர்றான்னு அக்காவுக்கு எழுதியாச்சு. இனிமே ரயில்ல போயி எறங்குனா என்னா மரியாதை?" என்று கேட்டிருக்கிறார். கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் எல்லாரும் இருந்தோம்.

கப்பல் முன்னாடியே கிளம்புகிறது, நாளைக்கே, என்று தந்தி வந்தது. அன்று ராத்திரி ரயிலும் போய்விட்டது. மறுநாள் விமானத்தில் எல்லா இடமும் விற்றாகிவிட்டது. வேறு வழியில்லை, ஸ்டேன்பைதான். காலையில் நான் திடலுக்குப் போனபோது எனக்கு முன்னால் அத்தை அங்கே இருந்தார். காவல்காரர் இன்னும் கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுக்கு வெளியே பட்டுச் சேலையில், மடியில் தகரத்தோடு, சிப்பாய் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அன்று ஒரு பயணி வரவில்லை. நேரம் வரைக்கும் பார்த்தேன். வரவில்லை. அத்தையைப் பார்த்துத் தலையசைத்தேன். அத்தை எழுந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. புல்லில் நடந்து போய், செருப்பை விட்டுவிட்டு, வலது காலை வைத்து ஏறினார்.

செருப்பை நான் கையில் எடுத்த நேரம் கேப்டன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். ஓடுபாதை மழையில் இளகிவிட்டது, இந்தப் பாரத்தோடு எழும்ப முடியாது, ஒரு ஆள் குறைய வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. அதில் எனக்கு அன்றும் இன்றும் மறுப்பு இல்லை. யார் இறங்க வேண்டும் என்பதிலும் சந்தேகம் இல்லை. ஸ்டேன்பை ஆள்தான். நான் பத்தடி நடந்து, படியேறி, அத்தையின் பக்கத்தில் குனிந்து சொல்லியிருக்கலாம். அந்தப் பத்தடி நான் நடக்கவில்லை. விமானக் கதவருகே நின்ற சுமைக்காரரைப் பார்த்து, பட்டாளத்தில் அரிசி மூட்டைக்குக் கத்துகிற அதே குரலில், நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்.

"ஒன் ஸ்டேன்பை! ஆஃப்லோட்!"

ஆஃப்லோட் என்றால் பாரத்தை இறக்கு என்று அர்த்தம். அந்த மலாய்க்காரர் அசையவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஸ்டேன்பை என்ற சொல் தெரியும். என் குரலும் தெரியும். இடுப்பு வாரை அவிழ்க்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் இருந்த பெண் அவிழ்த்து விட்டாளாம். வெறுங்காலோடு கதவுக்கு வந்து நின்றார். நான் படியருகே போய் நின்றேன். செருப்பு என் கையில் இருந்தது. குனிந்து கடைசிப் படிக்குக் கீழே வைத்தேன். அத்தை இறங்கி, ஒவ்வொரு காலாக அதில் நுழைத்துக்கொண்டார்.

"ஆர்டரா?"

"ஆமா, அத்தை."

நேராக என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"உடுப்ப மட்டுந்தான் கழட்டியிருக்கீங்க, மாப்பிள்ளே," என்றார். "பட்டாளத்த விட்டு வரல. நாந்தான் வெளங்காம இருந்துட்டேன்."

பிறகு தகரத்தைக் காட்டி, "இதாவது போவுமா?" என்று கேட்டார். போகும் என்றேன். போனது. பினாங்கில் எங்கள் கம்பெனி ஆள் ஒருவர் அதைக் கப்பல் துறையில் அந்த அக்காவின் கையிலேயே கொடுத்தார். தங்கச்சி எங்கே என்று அந்த அம்மா கேட்டாராம்.

அன்றிலிருந்து அத்தை என்னிடம் நேராகப் பேசினார். சாப்பாடு எனக்குத்தான் முதலில். மாப்பிள்ளே, மாப்பிள்ளே என்று பழையபடி. வேலி ஓரம் நின்று செட்டி அம்மாவிடம் தன் மலாயில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். எங்கள் மருமகன் ஆர்டர் என்றால் பெற்ற தாயாக இருந்தாலும் இறக்கிவிடுவார் என்று. பெருமையாகத்தான் சொன்னார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், "எம் பெலாச்சான் ஏரப்பிளேன்ல போச்சு, நான் பஸ்ஸில வீட்டுக்கு வந்தேன்," என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் இழந்துவிட்ட அந்தச் சொல்லை, தன் அக்காவை விட்டுக்கொடுத்து எனக்குத் திருப்பித் தந்தது மாதிரி இருந்தது. அப்படித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்த அக்கா ஊரில் அதிக காலம் இருக்கவில்லை. இறந்துவிட்டதாகக் கடிதம் வந்த அன்று அத்தை சமையல் செய்தார், கோழிக்குத் தீனி போட்டார். சாயங்காலம் அந்தத் தோல் செருப்பைக் கழுவி வெயில் பட வைத்தார். வெயில் அப்போது போய்விட்டிருந்தது.

நான் கம்பெனியில் வளர்ந்தேன். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் சுபாங் விமான நிலையத்துக்கு மாற்றலாகி, எனக்குக் கீழே ஆட்கள் வந்தார்கள். யாரையாவது இறக்க வேண்டி வந்தால் நானே நடந்து போவேன். குனிந்து, மெதுவாகச் சொல்வேன். மூட்டைக்குக் கண் கிடையாது. ஆளுக்கு உண்டு. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பின்னால் ஒருமுறை பினாங்குக்கு டிக்கெட் எடுத்து, ஸ்டேன்பை இல்லை, உறுதியான இடம் என்று அத்தையிடம் கொடுத்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாருக்கு மாப்பிள்ளே. அங்க யாரு இருக்கா?" என்றார்.

கடைசிவரை அவர் பறக்கவில்லை.

போன மாதம் மகன் வீட்டுக்குப் போக நானும் மனைவியும் விமான நிலையம் போனோம். இப்போது சோதனை என்று காலணியைக் கழற்றச் சொல்கிறார்கள். எல்லாரும் கழற்றி ஒரு தட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடக்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. என் மனைவிக்கு இப்போது அன்றைய அவள் அம்மாவை விட வயது அதிகம். செருப்பைத் தட்டில் வைத்துவிட்டு, "அம்மா அப்பவே கழட்டிட்டுத்தான் ஏறுனாங்க," என்றாள். அந்தப் பக்கம் தட்டு வந்ததும் அவள் செருப்பை எடுத்தேன். முட்டி வலிக்கக் குனிந்து அவள் காலடியில் வைத்தேன். இருக்கட்டும், நானே எடுக்கிறேனே என்றாள்.

அன்றும் அத்தைக்குச் செருப்பை வைக்க இப்படித்தான் குனிந்தேன். அந்தக் காலையில் ஆர்டர் இல்லாமல் நான் செய்த ஒரே காரியம் அதுதான்.