கோட்டுச்சேரி மண்புழு

கொல்லையில் கத்திரி காய்த்தே தீர வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றபோது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு காரைக்கால்மேட்டில், கடலிலிருந்து மூன்றாவது தெரு. கொல்லை முழுக்க மணல். அதில் ஒரு பாதியில் அப்பாவின் அக்கா, என் அத்தை, கருவாடு போடுவாள். "இந்த மணல்ல கருவாடு காயும், கத்திரியா காய்க்கும்?" என்று அவள் கேட்கக் கேட்க அம்மாவுக்கு வீம்பு ஏறியது.

அம்மா கோட்டுச்சேரியில் வயல் வைத்திருந்த வீட்டுப் பெண். வீட்டை மீறிக் கடலுக்குப் போகிறவரைக் கட்டிக்கொண்டதால் அங்கிருந்து ஒருவரும் எங்கள் வாசற்படி மிதித்ததில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சில வீடுகளில் ஃப்ரிட்ஜ் இருக்காது, எங்கள் வீட்டில் மாமா இல்லை, அவ்வளவுதான்.

அம்மா சாணி போட்டாள், வேப்பஞ்சருகு பரப்பினாள், காய்த்தோலை நறுக்கிப் புதைத்தாள். செடிகள் சாண் உயரத்தில் நின்றுவிட்டன. மண்புழு இல்லாத மண் மண்ணே இல்லை என்று ஒருநாள் முடிவு கட்டினாள். "கோட்டுச்சேரி வயல்லதான் நல்ல புழு. மாமாகிட்டப் போயி கேட்டு வாங்கிட்டு வா" என்று டிபன் டப்பா மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்தாள். எனக்குப் பட்டுப்பாவாடை வேறு. புழு வாங்கப் பட்டுப்பாவாடை எதற்கு என்று கேட்டதற்குக் குட்டு விழுந்தது.

அப்பா வண்டியில் கூட்டிப்போய் வாய்க்கால் மதகோடு நிறுத்திக்கொண்டார். "நீ போயிட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்." வரப்பில் நின்ற மாமாவிடம் நான் யார் என்று சொன்னேன். டப்பாவைப் பார்த்தார், தூரத்தில் மதகைப் பார்த்தார். மண்வெட்டியால் கொத்தி, ஈரமண்ணோடு புழுக்களை அள்ளி நிரப்பினார். கடைசியில்தான், "அம்மா சௌக்கியமா இருக்காளா?" என்றார்.

"நல்லாருக்காங்க மாமா. கத்திரிதான் வர மாட்டேங்குது."

வீட்டில் அம்மா டப்பாவைத் திறக்கவே இல்லை. மாமா என்ன கேட்டார், தலை நரைத்துவிட்டதா, இளைத்துவிட்டாரா என்று நோண்டி நோண்டிக் கேட்டாள். உள்ளே புழுக்கள் தவிக்கின்றனவே என்று எனக்குக் கோபம்.

நானே அவற்றைப் பாத்தியில் விட்டேன். எப்படியும் பெருக்கிக் காட்டுவது என்று எனக்கும் வைராக்கியம். எங்கள் தென்னைக்கு அத்தையின் கருவாட்டுத் தொட்டித் தண்ணீரைத்தான் ஊற்றுவோம், குலை குலையாகக் காய்க்கும். தென்னைக்கு நல்லது புழுவுக்கும் நல்லதுதானே? இரண்டு வாளி ஊற்றினேன். மறுநாள் காலை அத்தனையும் மேலே வந்து சுருண்டு செத்துக் கிடந்தன.

முதுகில் நாலு விழும் என்று தயாராகவே அழுதேன். அம்மா திட்டக்கூட இல்லை. உப்பேறிய மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வாரிக் கொட்டிவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, "அதனால என்ன? ஞாயித்துக்கெழம மறுபடி போயி கேளு. உப்புத்தண்ணி ஊத்துனத மறைக்காம சொல்லு" என்றாள்.

சொன்னேன். மாமா வாய்விட்டுச் சிரித்தார். டப்பாவை நிரப்பிக்கொண்டு என்னோடு மதகுவரை நடந்து வந்து, "இதுங்களாவது பொழைக்குமா மாப்ள?" என்று அப்பாவிடம் கேட்டார். வீடு வரும்வரை அப்பா பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

அடுத்த வாரம் குளத்து வண்டல் இரண்டு மூட்டை, ஒரு வாளிப் புழுவோடு மாமாவே வந்து இறங்கினார். அண்ணனும் தங்கையும் பாத்தியோரம் குந்தி ஒரு மணி நேரம் புழுவைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. நான் கொன்ற புழுக்களை நினைத்துத்தான் அழுகிறாள் என்று அன்று முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை.

கத்திரி காய்த்தது. முதல் குழம்பு அத்தை வீட்டுக்குத்தான் போயிற்று.

போன வருடம் என் வீட்டுத் தோட்டத்துக்காக, கோட்டுச்சேரிக்குப் போய்ப் புழு எடுத்துவரலாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"அதுக்கு ஏன் அவ்வளவு தூரம்? தெருக்கொழாயடில கொத்துனா அள்ளலாம். ஒங்கப்பா தூண்டிலுக்கு அங்கதான தோண்டுவாங்க."

"எப்பலேருந்தும்மா?"

"நான் வாக்கப்பட்டு வந்ததுலேருந்து" என்று சொல்லிவிட்டு, அம்மா கத்திரிக்காய் பறிக்கக் குனிந்துகொண்டாள்.