அடுப்பு ஆறும்வரை

காரில் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவதற்கு, கையோடு தூக்கிப்போகும் அடுப்பு ஒன்று வாங்க வந்திருந்தோம். எதில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று மகள் விசாரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் ஒன்றைப் பற்றவைத்துக் காட்டி அணைத்தார். சுட்ட இரும்பின் மணம் எழுந்தது.

யுத்த காலத்தில் வடக்கிலிருந்து தலைநகருக்கு வந்து, வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையில், அம்மா மண்ணெண்ணெய் அடுப்பில் சமைப்பார். எண்ணெயை ஒருநாளும் பாதிக்கு மேல் விடமாட்டார். திடீரென்று அறையை விடச் சொன்னால், வழியில் சிந்தாமல் கொண்டுபோக வேண்டுமே.

ஒருநாள் புட்டு அவியும்போதே வீட்டுக்கார அன்ரி வாசலில் வந்து நின்றார்.

"பொலிஸ் செக்கிங் கூடிப்போச்சு. உங்களை வச்சிருக்க எங்களுக்குப் பயமாக் கிடக்கு. இண்டைக்கே வேற இடம் பாருங்கோ."

"ஓம் அக்கா. அடுப்பு ஆறட்டும்," என்றார் அம்மா.

கீழே ஓட்டோ ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது. அம்மா அடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் ஈரத்துவாயால் சுற்றித் தூக்கிக்கொண்டு ஏறி, மடியில் வைத்துக்கொண்டார்.

"அணைச்சா எவ்வளவு நேரத்தில தூக்கலாம்?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

மகள் சிரித்தாள். "ரெண்டு நாள் நிக்கத்தானே போறம், அம்மா. என்ன அவசரம்?"

நான் அடுப்பில் விரலை வைத்துப் பார்த்தேன். இன்னும் சுட்டது.