அண்ணாந்து குடித்த பிள்ளை

என் மாமனார் தண்ணீர் குடிப்பதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வாழைத்தோட்டத்திலிருந்து வருவார். கிணற்றடியில் கால் கழுவுவார். மூக்கு வைத்த வெண்கலக் கிண்டியை எடுத்து, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, முழ உயரத்திலிருந்து வாய்க்குள் ஊற்றுவார். தண்ணீர் கயிறு போல இறங்கிக்கொண்டே இருக்கும், தொண்டை ஏறி ஏறி இறங்கும், மீசையில் ஒரு சொட்டுப் படாது. கடைசியில் ‘ஹா’ என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன அன்று நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதில் அவருக்கு என்மேல் கொஞ்சம் மதிப்பு உண்டாகியிருக்க வேண்டும்.

அந்த மதிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. டீச்சர் டிரெயினிங் படித்தபோது விடுதியில் டம்ளரில் வாய் வைத்துச் சாயா குடித்துப் பழகியிருந்தேன். அதே பழக்கத்தில் ஒரு காலையில் அடுக்களை வாசலில் நின்று காப்பியை உறிஞ்சினேன். மாமனார் கண்டார். மறுநாள் அந்த டம்ளர் தொழுவத்தில், பிண்ணாக்கு அள்ளுகிற பாத்திரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நானும் அண்ணாந்து குடிக்கக் கற்றுக்கொண்டேன். மாமியார் நான் வருவதற்கு வெகுகாலம் முன்பே இறந்துபோயிருந்தார். எச்சில் விஷயத்தில் அந்த வீட்டில் மேல்முறையீடு செய்ய ஆளே கிடையாது.

எங்கள் ஊர் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரிப்பதற்கு முன், எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. இந்தத் தாலுக்கா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், திருவனந்தபுரத்தோடுதான் இருக்க வேண்டும் என்று இன்னொரு கூட்டம். சந்தையில் காய்ச்சில் கிழங்கு வாங்கப் போனால்கூட எந்த மொழியில் விலை கேட்கிறோம் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். என் கணவர் முதல் கூட்டத்தில் கொடி பிடித்தவர். ஓர் ஊர்வலத்தில் போலீஸ் லாரி வந்து அவரை அள்ளிக்கொண்டு போனது. அப்போது எங்கள் மகளுக்கு எட்டு மாதம். மாமனார் எந்தக் கூட்டத்திலும் சேர்ந்தவர் இல்லை. மகனைப் பற்றி யாராவது விசாரித்தால், “அவனுக்கு நாடு வேணும். இஞ்ச பிள்ளைக்குப் பாலு வேணும். ரெண்டுக்கும் நான் எங்க போவேன்?” என்று கேட்டுவிட்டு வாழைத்தோட்டத்துக்குப் போய்விடுவார்.

பால் இல்லாமல் இல்லை. என்னிடம் தாராளமாக இருந்தது. அதுதான் சிக்கலாயிற்று. பாறசாலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தமிழ் டீச்சர். பேறுகாலத்துக்காக எடுத்த லீவை நீட்டி நீட்டி, அந்தக் கோடை விடுமுறையோடு அது முடிந்தது. பள்ளி திறக்கும் அன்று வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வரும் என்று மேனேஜர் சொல்லியனுப்பிவிட்டார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் கணவர் ஜெயிலில் இருக்கிற டீச்சருக்காக அவர் எத்தனை நாள் மற்றவர்களுக்குப் பதில் சொல்வார்? அந்தச் சம்பளம் போனால் எங்களுக்கு அந்த ஒரு துண்டு வாழைத்தோட்டம்தான் மிச்சம். காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்ப முடியும். மகளோ தாய்ப்பாலைத் தவிர எதையும் நாக்கில் வைக்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பள்ளி திறப்பதற்குள் அவள் பசும்பாலோ கஞ்சியோ குடிக்கப் பழகியாக வேண்டும். பழகாவிட்டால் வேலை போகும். பழகாமலே நான் போனால் பிள்ளை பட்டினி கிடக்கும். அந்த மே மாதம் முழுவதும் இதைத் தவிர வேறு எதையும் நான் நினைத்ததாக ஞாபகம் இல்லை. கணவரைக்கூட.

முதலில் சங்கில் புகட்டிப் பார்த்தேன். சங்கைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அதில்தான் வசம்பும் சுக்கும் உரைத்துக் கொடுத்து வந்தோம். சங்கு என்றால் கசப்பு என்று அவள் முடிவுகட்டி நெடுநாளாகியிருந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து ரப்பர் காம்பு வைத்த பாட்டில் ஒன்றை வாங்கி வரச் சொன்னேன். அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, இது யாரை ஏமாற்ற என்பதுபோல என்னைப் பார்த்தாள். கடைசியில் ஒரு சின்ன வெண்கலக் கிண்ணத்தை எடுத்தேன். என் மடியில் வைத்துக் கொடுத்தால் கிண்ணத்தைத் தட்டிவிட்டு ரவிக்கையைப் பிடித்து இழுத்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பட்டினி கிடக்கச் சொன்னால் யார்தான் கிடப்பார்கள்? வேறொருவர் கையால் கொடுத்தால்தான் நடக்கும் என்று தெரிந்தது. வீட்டில் இருந்த வேறொருவர் மாமனார் மட்டும்தான்.

எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவரே முற்றத்துப் பலாமரத்தடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “பிள்ளைய இஞ்ச கொண்டா. நீ கண்ணுல படாத எடத்துக்குப் போ” என்றார். நான் அடுக்களைக்குள் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கிண்ணத்தைத் தூக்கினார். மகள் அதைப் பார்த்தாள். உடனே தலையைப் பின்னால் சாய்த்து, அண்ணாந்து, வாயைக் குருவிக்குஞ்சு போலத் திறந்தாள். மாமனாருக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

“கண்டியா மக்கா! நம்ம வீட்டுப் பிள்ள ஆக்கும்! எச்சி படாம குடிக்கப் பாக்கா!” என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். வேலிக்கு வெளியே போனவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

எச்சில் படவில்லை என்பது உண்மைதான். பாலும் உள்ளே போகவில்லை. பாதி மூக்கில் போயிற்று, பாதி கழுத்தில் வழிந்தது. அவர் விடவில்லை. கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் சரியாக விழும் என்று அவருக்கு ஒரு கணக்கு. அப்படி ஊற்றிய ஒரு நாள் பிள்ளைக்குப் புரையேறி, மூச்சு அடைத்து, உதடு கறுத்துப்போயிற்று. நான் ஓடிப்போய்ப் பிடுங்கிக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். அழுகை வெளியே வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. மாமனார் கையில் காலிக் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருடைய மீசையில் பால் தெறித்திருந்தது. துடைக்கக்கூட இல்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தியில் உறைத்தது. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு மனிதர் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடித்து அவள் பார்த்ததே இல்லை. தாத்தா அண்ணாந்து குடித்தார், அப்பா அண்ணாந்து குடித்தார், அம்மாவும் அண்ணாந்துதான் குடித்தாள். குடிப்பது என்றால் இதுதான் என்று அவள் ஒழுங்காகப் பாடம் படித்திருக்கிறாள். பல் முளைக்கிற பிள்ளைக்கு அந்த வித்தை எப்படி வரும்? இதை மாமனாரிடம் சொல்லியாக வேண்டும். எந்த மருமகள் எந்த மாமனாரிடம் போய், நீங்கள் எச்சில் பண்ணிக் குடியுங்கள் என்று சொல்வாள்? ஜெயிலில் இருந்தவர் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் அப்பாவிடம் அவர் அல்லவா பேச வேண்டும்.

கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன். “மாமா, பிள்ள உங்களப் பாத்துத்தான் அண்ணாந்து வாயத் தெறக்கா. ஆராவது வாய் வச்சுக் குடிச்சுக் காட்டினா அதுபோல செய்வா.”

“எட்டி, எனக்கு வயசு எத்தன ஆச்சுன்னு அறியுமா ஒனக்கு?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மத்தியானச் சோற்றுக்கும் வரவில்லை. வேலைக்குப் போவதை விட்டுவிடலாம் என்று அன்று நான் முடிவே செய்துவிட்டேன். வெட்கமாகவும் இருந்தது, ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, போகட்டும், நீயும் நானும் வாழைக்காயைத் தின்று கிடப்போம் என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் துணி துவைத்துவிட்டு வந்தபோது தொட்டிலில் பிள்ளை இல்லை. தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். தொழுவத்துக்கு அந்தப் பக்கம், வைக்கோல் போருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில் மாமனார் குந்தி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் பிள்ளை. அவர் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனார், நிறுத்தினார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் வாயை வைத்து ‘சுர்ர்’ என்று ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். முகம் கஷாயம் குடித்த முகமாகப் போயிற்று. பிள்ளைக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனது. கெக்கெக்கென்று சிரித்தாள். அவர் மறுபடியும் ‘சுர்ர்’ என்றார். அவள் கையை நீட்டிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, திறந்த வாயை அதே விளிம்பில் கொண்டுபோய் வைத்தாள். நான் சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்றடியில் அவர் ஓயாமல் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாளிலிருந்து தினமும் பாலைக் காய்ச்சி, தண்ணீர் சேர்த்து, ஆற்றி, கிண்ணத்தில் ஊற்றித் தொழுவத்துப் படியில் வைத்துவிட்டு எனக்கு வேறு வேலை இருப்பதுபோல நடந்துகொள்வேன். காலிக் கிண்ணம் கழுவித் திரும்பி வரும். முதலில் உள்ளே போனதைவிட வழிந்ததுதான் அதிகம். அவருடைய வேட்டியைத் துவைக்கும்போதே எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும். நாக்கால் வெளியே தள்ளுவாள், விளிம்பைக் கடிப்பாள், கிண்ணத்துக்குள் கையை விட்டுத் துழாவுவாள். அவர் ஊற்றுவதை விட்டுவிட்டார். கீழுதட்டில் கிண்ணத்தை வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்துவிட்டு, “வேணும்னா குடி, இல்லேன்னா இரி. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல” என்று அவளிடம் பேசிக்கொண்டிருப்பார். அவசரம் எனக்குத்தான் இருந்தது. அவள் முதல் தடவையாக ஒரு கிண்ணத்தைப் பாதிக்கு மேல் குடித்த அன்று எனக்குச் சந்தோஷத்தோடு வேறொன்றும் வந்தது. நான் இனி அவளுக்கு வேண்டாம் என்று நெஞ்சுக்குள் ஒரு வலி. பால் வற்றுவதற்குப் பிச்சிப்பூவை மாரில் வைத்துக் கட்டச் சொல்லி அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பூவைப் பறித்துக்கூட வந்தார்கள். நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

இன்று என் மகள் வீட்டில் ஒரே பாட்டிலில் நாலு பேர் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். ஒருவருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றுவதில்லை, தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் மகன் நாட்டுக்காக அடிபட்டதை ஊரே பேசிற்று. இவர் வைக்கோல் போருக்குப் பின்னால் செய்தது யாருக்கும் தெரியாது.

பள்ளி திறந்த அன்று விடியற்காலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். “நான் வாறேன் மாமா” என்றபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல், “ம், போய்க் கையெழுத்துப் போடு” என்றார். கையெழுத்துப் போட்டேன். முதல் மணி அடித்த கொஞ்ச நேரத்தில் தெருவில் ஓட்டமும் கூச்சலும் கேட்டது. எங்கோ ஊர்வலத்தில் அடிதடியாம். கடைகளைச் சாத்தினார்கள், பஸ் நின்றது, கூட்டம் கூடக் கூடாது என்று தடை போட்டார்கள். பிள்ளைகளையும் எங்களையும் பள்ளிக்குள் வைத்துக் கேட்டைப் பூட்டினார்கள். மத்தியானம் ஆயிற்று. மார் கல்லாகக் கனத்து, ரவிக்கை நனைந்து, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். நான் மாலைக்குள் வந்துவிடுவேன் என்று அதுவரைக்கு வேண்டிய பால்தான் காய்ச்சி வைத்திருந்தேன். அவள் குடித்திருப்பாளா? இத்தனை நேரம் நான் இல்லாமல் அவள் இருந்ததே இல்லையே.

வெயில் தாழ்ந்த பிறகு கேட்டைத் திறந்தார்கள். பெரிய சாலையில் போலீஸ் நின்றதால் வயல் வரப்புகளிலும் தென்னந்தோப்புகளிலுமாகச் சுற்றி நடந்தேன். செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று. அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று வழியெல்லாம் காதைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். வீட்டு வேலி வரை வந்தும் ஒரு சத்தமும் இல்லை. படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

முற்றத்தில், பலாமரத்தடியில், ஊரார் எல்லாரும் பார்க்கும்படி அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மகள். இருவரும் மாறி மாறி ஒரே கிண்ணத்தில் குடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் என்னைக் கண்டாள். கிண்ணத்திலிருந்து வாயை எடுக்காமலே, விளிம்புக்கு மேலாகப் பார்த்தாள். குடித்து முடித்த பிறகுதான் என்னிடம் வரக் கையை நீட்டினாள்.

“பாலு தீந்துபோச்சு. பின்ன கூவக்கெழங்குப் பொடி கரைச்சு, காய்ச்சிக் குடுத்தேன். காலைல கொஞ்சம் கரைஞ்சு அழுதா. அம்ம கையெழுத்துப் போட்டுட்டு வருவான்னு சொன்னேன். பின்ன ஒண்ணும் இல்ல” என்றார். அடுப்பருகே போகாத மனிதர்.

நான் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்து பிள்ளையை மாரோடு சேர்த்தேன். வயிறு நிறைந்திருந்தும் குடித்தாள். மாமனார் உள்ளே போய்விட்டுக் கருப்பட்டிக் காப்பியோடு வந்தார். அந்தக் கிண்ணத்தில்தான் கொண்டுவந்தார். என் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, பிள்ளை பால் குடிப்பதைப் பார்க்கக் கூடாதென்று கிணற்றடிக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். காலையிலிருந்து நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கிண்ணம். அந்த வீட்டு மருமகளாக அண்ணாந்து ஊற்றினேன். குறி தவறிக் காப்பி மூக்கில் ஏறிற்று, கழுத்தில் வழிந்தது, இருமல் வந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“வாய் வச்சுக் குடி, மக்கா.”