பிகினர்ஸ் பிரிவில் வாங்கிய கோப்பை

கல்லூரியில் படித்த மூன்று வருடமும் நான் ஷட்டில் ஆடினேன். சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரி. கடைசி வருடம் பல்கலைக்கழகப் போட்டிக்கு எங்கள் அணி போனது. இரட்டையர் ஆட்டத்தில் நானும் என் வகுப்புத் தோழி ஒருத்தியும் ஜோடி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடம் கழித்து ஒரு படிவத்தில் இதைத்தான் இல்லை என்று மறைத்தேன்.

கல்யாணமாகி நாமக்கல் பக்கம் வந்தபிறகு பேட்டைத் தொடவே இல்லை. ஒரு கோழித் தீவன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. வந்து இறங்கும் மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளைகள். புதுச்சத்திரம் அருகே நெடுஞ்சாலையோரம் இருந்த நூல் குடோன் ஒன்றை ஷட்டில் கோர்ட்டாக மாற்றியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. காலை ஐந்தரை முதல் ஏழு வரை பெண்களுக்கு என்று பலகை வைத்திருந்தார்கள். மறுநாளே போய்ச் சேர்ந்தேன்.

ஆறு மாதத்தில் உடம்பு பழையபடி வளையத் தொடங்கியது. அந்தத் தைரியத்தில், கோர்ட்டுக்கு வரும் ஒருத்தியோடு சேர்ந்து, சேலத்தில் நடந்த ஒரு போட்டிக்கு இரட்டையர் ஓப்பன் பிரிவில் பெயர் கொடுத்தேன். யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்கிற பிரிவு அது. அதனாலேயே நன்றாக ஆடுகிறவர்கள் மட்டும்தான் வருவார்கள். எதிரே நின்றவர்களுக்கு இருபது வயதிருக்கும். முதல் செட்டில் எங்களுக்கு நான்கு பாயிண்ட், இரண்டாவதில் ஆறு. கணவரும் பிள்ளைகளும் பார்க்க வந்திருந்தார்கள். திரும்பும்போது காரில் என் மகள், "நல்லா ஆடுவேன்னு சொன்னியேம்மா?" என்று கேட்டாள். கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அடுத்த வருடம் ராசிபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று வாட்ஸப்பில் வந்தது. பெண்கள் இரட்டையருக்கு மூன்று பிரிவு: பிகினர்ஸ், இன்டர்மீடியட், ஓப்பன். கல்லூரிக்கோ மாவட்டத்துக்கோ ஆடியவர்கள் பிகினர்ஸில் சேரக்கூடாது என்று கீழே எழுதியிருந்தது.

அப்போது எனக்கு ஜோடி எங்கள் தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஷட்டில் பழக ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் கல்லூரியில் ஆடியது அவளுக்குத் தெரியும். அந்த விதி தெரியாது. எந்தப் பிரிவு என்று பேச்சு வந்தபோது அவளே சொன்னாள்: "இன்டர்மீடியட்லயே போட்ரலாங்க்கா. தோத்தாத் தோத்துட்டுப் போறோம். நாலு பேரோட ஆடுனாத்தான பழகும்?"

நான்தான் வேண்டாமென்றேன். முதல் போட்டியிலேயே அடி வாங்கினால் உனக்கு மனசு விட்டுப்போகும், பிகினர்ஸ்தான் உனக்குச் சரி என்று அக்கறையோடு எடுத்துச் சொன்னேன். போனில் வந்த படிவத்தை நானே நிரப்பிவிடுகிறேன் என்று பொறுப்பை எடுத்துக்கொண்டேன். கல்லூரிக்கோ மாவட்டத்துக்கோ ஆடியவரா என்ற கேள்விக்குக் கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். இல்லை என்பதைத் தொட்டேன். பதினெட்டு வருடம் ஆகிவிட்டதே, முழங்கால் வலிக்கிறதே, கல்லூரியில் ஆடிய பெண்ணும் இப்போது இருக்கும் நானும் வேறு வேறுதானே என்றெல்லாம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் ஜோடிக்காகச் செய்வதாகவும் நினைத்துக்கொண்டேன். அவளோ தோற்பதற்குத் தயாராக இருந்தாள். தோற்க முடியாதவள் நான்.

போட்டியன்று ஆட்டத்தைக் குறைத்து ஆடினேன். சும்மா ஆடவில்லை, பார்த்துப் பார்த்துக் குறைத்தேன். முதல் ஆட்டத்தில் வேண்டுமென்றே இரண்டு சர்வீஸை வலையில் அடித்துவிட்டு, "அய்யோ" என்று நாக்கைக் கடித்துச் சிரித்தேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. தேவையான இடத்தில் மட்டும் மணிக்கட்டைத் திருப்பினேன். ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

எதிரே வந்தது கெங்கவல்லியிலிருந்து வந்த மாமியாரும் மருமகளும். மாமியாருக்கு ஐம்பதுக்குமேல் இருக்கும். சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கான்வாஸ் ஷூ அணிந்திருந்தார். மரவள்ளிக் கிழங்கு காயவைக்கும் களத்தில் வலை கட்டி ஒன்றரை வருடமாகப் பழகுகிறார்களாம். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி ஆத்தூரில் மாறி வந்திருந்தார்கள். மாமியார் எந்தப் பந்தையும் கீழிருந்துதான் எடுப்பார். ஆனால் எடுக்காமல் விடமாட்டார். மருமகள் அவரைச் சுற்றி ஓடி ஓடி அடித்தாள். கூட்டம் முழுக்க அவர்கள் பக்கம்தான் கைதட்டியது.

முதல் செட்டை அவர்கள் எடுத்தார்கள். நான் அளவுக்குமேல் குறைத்து ஆடிவிட்டேன். இரண்டாவது செட்டில் குறைப்பதை விட்டேன். மூன்றாவதில் இருபதுக்குப் பத்தொன்பது என்று நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். சர்வீஸ் என் கையில், எதிரே மாமியார். வலையை ஒட்டி மெதுவாகப் போடுவதுபோல் பேட்டைக் கொண்டுவந்து, கடைசி நொடியில் சுண்டித் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். கல்லூரியில் மாதக்கணக்கில் பழகிய சர்வீஸ் அது. அவர் பின்னால் எட்டி எடுக்கப் பார்த்துத் தடுமாறி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பந்து கோட்டுக்குள் விழுந்தது. அடி ஒன்றும் இல்லை. உட்கார்ந்தபடியே அவர் சிரித்தார். என் ஜோடி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

கைகொடுக்க வலைக்குப் பக்கத்தில் வந்தபோது மாமியார் கேட்டார்: "இந்த மாதிரி சர்வீஸ் நான் பார்த்ததே இல்லம்மா. எத்தன வருசமா ஆடுற?"

"ரெண்டு வருசமாங்க" என்றேன்.

என் ஜோடி சட்டென்று என் பக்கம் திரும்பியது தெரிந்தது. மருமகள் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோடிக்கு ஒரு கோப்பையும் ஆளுக்கொரு மெடலும் வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கும்போது ஓப்பன் பிரிவுக்காரர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அதில் என் கல்லூரி ஜோடி இருந்தாள். பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. என்னை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தாள். பிறகு அவள் பார்வை கோப்பையில் எழுதியிருந்த பிகினர்ஸ் என்ற சொல்லில் போய் நின்றது. வாடி போடி என்றல்லாமல் என்னிடம் பேசியறியாதவள் அவள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள். "கப்பு நல்லா இருக்குதுங்க." அவ்வளவுதான். அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது என் ஜோடி பின்னாலிருந்து, ஏன் அக்கா இரண்டு வருடம் என்று சொன்னீர்கள் என்று கேட்டாள். திரும்ப ஆரம்பித்து இரண்டு வருடம்தானே ஆகிறது என்றேன். வீட்டில் மகள் கோப்பையை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். அவள் காட்டும்போதெல்லாம் நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. போட்டி நடத்தியவருக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். "விடுங்க மேடம், பாதிப் பேரு அப்பிடித்தான் போடறாங்க" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கெங்கவல்லிக்காரர்களின் எண்ணைக் கேட்டேன். அவர்களிடம் கேட்டுவிட்டு மறுநாள் அனுப்பினார்.

மாமியார்தான் எடுத்தார். கல்லூரிக்கு ஆடியவள், அந்தப் பிரிவில் சேர்ந்திருக்கக் கூடாது, உங்களிடம் பொய்யும் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கோப்பை உங்களுடையது, கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

"கப்ப வெச்சு நான் என்னம்மா பண்றது" என்றார். குரலில் கோபம் இல்லை, சலிப்பு இருந்தது. "என் மருமவ அன்னைலருந்து ஆட வரல. ரெண்டு வருசத்துல ஒருத்தி இப்படி ஆடறான்னா நமக்கெல்லாம் இது வராதுன்னு பேட்டத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். நீ சொன்னத அவகிட்ட நீயே சொல்லு."

அதுவரை நான் ஒரு கோப்பையைப் பற்றித்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். படிவத்தில் தொட்ட கட்டம், மேடையில் நின்றது, தோழியின் பார்வை, எல்லாமே என்னைப் பற்றியதாகவே இருந்தன. வாய்க்கு வந்தபடி சொன்ன இரண்டு வருடம் என்ற சொல்லை, ஒருத்தி உண்மையென்று நம்பி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் ஆட்டத்தை அதோடு வைத்து அளந்து பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மருமகள் போனுக்கு வந்தாள். மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். நான் மூன்று வருடம் தினமும் பயிற்சி எடுத்தவள், அப்படிப்பட்ட என்னிடமிருந்தே நீங்கள் ஒரு செட் எடுத்தீர்கள் என்றேன். முடித்ததும், "சரிங்க" என்றாள். "அத்தை கீழ விழுந்தாங்கல்ல, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல நீங்க." நான் மன்னிப்புக் கேட்பதற்குள் போன் மாமியார் கைக்குப் போய்விட்டது. கோப்பை வேண்டாம் என்று அவர் இன்னொரு முறை சொல்லிவிட்டு வைத்தார். அவள் மறுபடி ஆட வந்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

என் ஜோடியிடம் சொல்வது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. பார்லரில் வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். விதி, படிவம், கெங்கவல்லிக்கு போன் செய்தது எல்லாம் சொன்னேன். கண்ணாடிக்கு மேலே அவள் மெடல் தொங்கியது. அவள் வாழ்க்கையில் எதிலாவது வாங்கிய முதல் மெடல் அது.

"நான் இன்டர்மீடியட்டுன்னுதானங்க்கா சொன்னேன்" என்றாள். "கப்பத் தர்றேன்னு சொல்லியிருக்கீங்க. அது எனக்குந்தானுங்க கெடச்சது? என்னை ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலையா உங்களுக்கு?"

தோன்றவில்லை. உண்மையைச் சொன்னபோதும் அவளைக் கேட்காமல்தான் சொல்லியிருக்கிறேன். ஸ்டூலில் ஏறி மெடலைக் கழற்றி, மேஜை டிராயரைத் திறந்து உள்ளே போட்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஒரு மாதம் அவள் வேறு நேரத்தில் ஆட வந்தாள். பிறகு ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு வந்து நின்று, திருச்செங்கோட்டில் போட்டி இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டாள். படிவத்தை இந்த முறை அவள்தான் நிரப்பினாள். ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாக வாசித்தாள். கல்லூரிக்கு ஆடியவரா என்று வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.

கல்லூரிக்கு ஆடியவர்களுக்கு அங்கே ஓப்பன் பிரிவு மட்டும்தான். முதல் சுற்றிலேயே தோற்றோம். இரண்டு செட்டும் சேர்த்துப் பதினாறு பாயிண்ட். அதில் ஐந்து அவள் எடுத்தது. வரும் வழியில் அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.